மணம் போனவள் எழுதிய பட்டியல்

விடுதிக்காரர் சொன்னார்:
"வாறவையள் எல்லாரும் கேக்கினம்
திருகோணமலையில என்ன சாப்பிடலாமெண்டு.
ஒரு பக்கத்துக்கு எழுதித் தாங்கோ,
முன்மேசையில வைப்பம்."
சரி என்றேன்.
மார்கழியில் வந்த காய்ச்சல் போகும்போது
என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போனதை
அவரிடம் நான் சொல்லவில்லை.

உப்பு இருக்கிறது. புளி இருக்கிறது.
சீனியும் பாகற்காயும் வைத்த இடத்தில் இருக்கின்றன.
மற்றதெல்லாம்
கரண்ட் போன வீட்டில் தடவித் தேடும் சாமான்.
கறிவேப்பிலை ஓர் இலை.
கோப்பி ஒரு சூடு.

முதலில் எழுதியது கொத்து ரொட்டி.
இரவு எட்டுக்குப் பிறகு பஸ் நிலையப் பக்கம் போங்கள்.
கண்ணை நம்பாமல் காதைக் கொடுங்கள்.
நிற்காமல் தட்டுகிறவன் வித்தை காட்டுகிறான்.
தட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, புரட்டி,
மறுபடி தட்டுகிறவன் சமைக்கிறான்.
காத்திருக்கையில் புள்ளிமான்கள் வரும்.
பார்சல் தாளை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

நண்டு:
வெள்ளைச் சட்டை வேண்டாம்.
அவசர வேலை உள்ளவர்கள் வேறு ஏதாவது கேட்கவும்.

சூடைமீன் தீயலுக்குப் பள்ளத்தோட்டம் போனேன்.
மெற்றில்டா சட்டியைத் திறந்தாள்.
ஆவி முகத்தில் பட்டது. ஈரம். அவ்வளவுதான்.
"எப்பிடி மணக்குது, சொல்லுங்கோ."
"மீன் மாதிரித்தான்" என்று சிரித்தாள்.
"இல்லை, வடிவாச் சொல்லுங்கோ."
அகப்பையைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள்.
"முதல் கொறுக்காப்புளி வரும்.
பிறகு வள்ளத்தின்ர அடிப்பலகை.
பிறகு, இவர் கரைக்கு வந்து
கை கழுவாமல் தேத்தண்ணி கேக்கிற நேரம்."
அப்படியே எழுதினேன்.
கடைசி வரியை விடுதிக்காரர் வெட்டிவிட்டார்.

கிண்ணியாவில் பௌசியா
தயிர்ச் சட்டியை என் மடிக்கு மேலேயே கவிழ்த்தாள்.
நான் துள்ளி எழுந்தேன்.
தயிர் அசையவில்லை.
"இத எழுதுங்க" என்றாள்.
ஒரு கரண்டி தந்தாள்: குளிர், புளிப்பு,
எருமைப்பாலின் அந்தத் தடிப்பு.
மூன்று மாதத்தில் இது ஒன்றுதான்
எனக்கு முக்கால்வாசியாவது கிடைத்தது.
வீடு வரும்வரை
நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

பங்குனியில் பாளையங்கோட்டையிலிருந்து
சண்முகவடிவு என்றொரு அம்மா வந்தார்.
தனியாக, ஒரு பை, இரண்டு கண்ணாடி.
தின்பதற்கென்றே ஊர் ஊராய்ப் போகிறவர்.
அட்டையை மூன்று தரம் படித்தார்.
"சொதின்னு போட்டிருக்கீங்களே, எங்க ஊருச் சொதியா?"
உங்களுடையது எப்படி என்றேன்.
பாசிப்பருப்பு, முருங்கைக்காய்,
மூணு பால் தனித்தனியா, தொட்டுக்க இஞ்சிப் பச்சடி;
கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைப்பது.
"எங்கட சொதி விடிஞ்சால் வரும்.
அதுக்கு ஒருத்தரும் கலியாணம் கட்டத் தேவையில்லை."
மேசையைத் தட்டிச் சிரித்தார்.

காலையில் இடியப்பத்தின் மேல் மஞ்சளாய் ஊற்றினேன்.
எனக்கும் ஒரு கோப்பை எடுத்தேன்.
"உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.
ஓம், கூடத்தான்.
இன்னொரு வாயோடு என் வாய்
ஒத்துப்போய் எத்தனை நாள்!
சந்தோசத்தில் இன்னும் ஊற்றினேன்.
"ஆனா பால் அடிப்பிடிச்சிருக்கே.
உங்களுக்கு வாசம் வரலியா?"

வரவில்லை.
ஒரு வெளியூர்க்காரியிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.
அவர் கோப்பையைத் தள்ளவில்லை,
ஐயோ பாவம் என்னவுமில்லை.
இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் அமுக்கி,
"அப்ப இந்தப் பட்டியல் முழுக்கக் கடன் வாங்கினதா?"
என்று கேட்டுவிட்டுத் தின்றார்.
பேனாவைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.
நானே எழுதினேன், அட்டையின் அடியில்:

சொதி. காலை ஏழு மணி, இங்கேயே.
அடிப்பிடித்திருந்தால் தயவுசெய்து சொல்லவும்.
எழுதியவளுக்குத் தெரியாது.