கிரீஸ்

விசைப்படகுகளுக்குத் தடை விழுந்து இருபத்து மூன்றாம் நாள்.
குளச்சலில் மழை.
கரையேற்றிய படகின் அடிவயிறு போல
வானம் சாம்பலாய்த் தொங்குகிறது.
நான் மூன்று அங்குலப் பந்து ஒன்றோடு
மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன்.

பெட்டி என் கைவேலை.
ரப்பர் மரப்பலகை, கருங்கலில் அறுத்தது.
மானிட்டர், மார்த்தாண்டத்தில் எடைக்கு வாங்கியது.
டிராக்பால் மட்டும்
மச்சினன் கிளீட்டஸ் தோஹாவிலிருந்து
பழைய லுங்கியில் சுருட்டி அனுப்பினான்:
எவனோ ஆடிக் களைத்த சாமான்.

இடம் வலம் போகும்.
மேல் கீழ் என்றால் மட்டும்
சேற்றில் இழுத்த வள்ளம்.
திரையில் குண்டு விழுகிறது,
குறிமுனை பாதிவழியில் நின்று யோசிக்கிறது,
ஊர் எரிகிறது.
விரலால் சுண்டிவிட்டு எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று. ஒன்றரை.
நின்றுவிட்டது.

முதலில் பந்தின் மேல் சந்தேகம்.
சோப்புப் போட்டுக் கழுவி
ஜன்னலோரம் திருப்பித் திருப்பிக் கீறல் தேடினேன்.
என் மூக்குதான் வீங்கித் தெரிந்தது.
அப்புறம் உருளைகள்.
எஃகில் இரண்டு, மூன்றாம் மூலையில்
சும்மா தாங்கிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம்.
பந்து ஓடிய தடத்தில் கறுப்பாய் ஒரு வளையம்,
முகம் தெரியாதவர்களின் உள்ளங்கை வியர்வை.
நகத்தால் சுரண்டினேன்.
எண்ணினேன். இரண்டு.

அப்படியானால் பேரிங்.
உப்புக்காற்று எதை விட்டது?
ஒன்றைக் கழற்றிக் காதருகே சுற்றினால்
சோற்றில் மணலைக் கடித்த சத்தம்.
நாகர்கோவில் போய் ஆறு புதுசு வாங்கினேன்,
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பதினெட்டு வருஷம்
வின்ச்சுக்கும் காற்றாடித் தண்டுக்கும்
பேரிங் மாற்றிய கை இது.
டப்பாவைத் திறந்து கிரீஸை அள்ளி
பிதுங்கப் பிதுங்க அடைத்தேன்.
கடலில் அதுதான் சட்டம்.
கிரீஸ் குறைந்தால்
நாற்பது மைலுக்கு வெளியே, நடுராத்திரியில்
தண்டு அழ ஆரம்பிக்கும்.

மாட்டி முடுக்கினேன். சுண்டினேன்.
முக்கால்.

டெல்மா ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக் கொண்டிருந்தாள்.
மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்:
"எத்தற டன்னு வலிக்கணும் இந்தப் பந்து?"
"என்னது?"
"இல்ல, போட்டுக்கு வைக்குத கிரீஸு வச்சிருக்கியளே,
அதாக்கும் கேட்டது."

பதில் சொல்லவில்லை.
பதினெட்டு வருஷம் வாய் திறக்க
கொஞ்சம் நேரமாகும்.

கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி
ஆறையும் உள்ளே போட்டேன்.
நான் அடைத்தது மஞ்சளாய்க் கரைந்தது.
கூடவே, கடையில் வாங்கும்போதே
உள்ளே ஒளிந்திருந்ததும்.
சைக்கிள் பம்பால் ஊதிக் காயவைத்து
அவளுடைய தையல் மிஷின் எண்ணெயில்
ஆளுக்கு ஒரு சொட்டு.
இரண்டாம் சொட்டுக்குப் போன வலது கையை
இடது கை பிடித்தது.
குட்டிச் சக்கரத்தின் திருகையும்
அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
இறுக்கியே பழகிய மணிக்கட்டுக்கு
அந்த அரைச் சுற்று
நங்கூரம் அறுத்துவிட்ட மாதிரி இருந்தது.

சுண்டினேன்.
சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.
நான்கு, ஐந்து, ஆறு.
ஒன்பதில் தையல் மிஷின் நின்றது.
பதினான்கு வரைக்கும் போனது பந்து.
அதன்பிறகும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து
பிறகுதான் நின்றது.

தடை முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள்.
திரையில் முதல் மூன்று வரிசையிலும்
ஒரே மூன்றெழுத்து: டி, ஈ, எல்.
நான் நான்காவது.
அவளுக்கு உள்ளங்கை சிவந்திருக்கிறது.
யூனிஃபார்மில் இன்னும்
பதினொரு கை வைத்துத் தைக்கப் பாக்கி.
"திங்கக்கிழம பிள்ளைய ஒத்தக் கையோட போட்டும்" என்கிறாள்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது.
ஒரு ஊரும் எரியவில்லை.