ஆளுக்கு ஒரு வாய்

பிப்ரவரி. இங்கே கோடையின் உச்சி.
வடமேற்குக் காற்று
ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு
கான்டர்பரி சமவெளிக்கு
வெறுங்கையோடு இறங்குகிறது.

மண்டல மன்றத்தின் வெள்ளை வண்டியில்
முப்பத்தொரு கோப்புகள்.
ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு காலி பாட்டில்கள்,
நேற்றைய சாண்ட்விச்சில் பாதி.
அவாரிக்கி ஆற்றிலிருந்து நீரெடுக்க
அனுமதி வாங்கியிருக்கும் முப்பத்தொரு பேரையும்
வெள்ளிக்குள் பார்த்தாக வேண்டும்.

டினெக்கே வான் டைக். அறுநூறு மாடுகள்.
வாசற்கதவைத் திறக்கும் முன்பே சொன்னாள்:
"போன தடவை வந்தவன் பூட்ஸைக் கழுவவில்லை."
கழுவினேன்.
மீட்டரின் முத்திரை உடையவில்லை.
வினாடிக்கு நாற்பது லிட்டர் எடுக்கலாம்,
முப்பத்தெட்டுதான் எடுக்கிறாள்.
சாணநீர்க் குளம் விளிம்புக்கு ஒரு முழம் கீழே.
நிபந்தனைகள் பதினேழு.
பதினேழுக்கும் சரிக்குறி.

ஸ்டூவர்ட் மக்லாரியின் மீட்டர்
ஒன்பதாம் தேதியே நின்றுபோயிருந்தது.
அவரேதான் ஃபோன் செய்து சொன்னார்.
அன்றிலிருந்து பம்ப் ஓடிய மணிக்கணக்கை
தீவன பில்லின் பின்பக்கம்
பென்சிலால் எழுதி வைத்திருந்தார்,
அழித்து எழுதிய இடங்கள்கூடத் தெரிய.
இவர் பொய் சொல்லியிருந்தால்
எனக்கு எவ்வளவோ எளிது.

கேரட் விதைக்காரர். சரி.
குதிரைப் பண்ணை. சரி.
கோல்ஃப் மைதானம்
(அனுமதித் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்)
சரி.

வியாழன் மாலை பாலத்தடிக்கு வந்தேன்.
தெளிவை அளக்க ஒரு கறுப்புத் தட்டு உண்டு.
நீருக்குள் பிடித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து,
கண்ணுக்கு மறையும் தூரத்தைக் குறிக்க வேண்டும்.
தட்டை வைத்தேன்.
கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்தது.
கற்களைப் புரட்டினேன்.
ஈசல்போலச் சிறகு முளைத்துப் பறக்க வேண்டிய
குட்டிப் பூச்சிகள் இல்லை.
இரண்டு நத்தை.
அதில் ஒன்று வெறும் ஓடு.

வண்டியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
நாற்பது, இருபத்திரண்டு, பதினைந்து, அறுபது...
ஒருவரும் ஆற்றைக் குடித்துத் தீர்க்கவில்லை.
ஆளுக்கு ஒரு வாய்,
அதுவும் தாளில் சொன்ன அளவு.
ஓட்டம் குறைந்தால் நிறுத்தச் சொல்லும் கருவி
மலையடியில் இருக்கிறது,
முப்பத்தொரு வாய்க்கும் மேலே.
அங்கே ஆறு இன்னும் ஆறாகத்தான் ஓடுகிறது.
அனுமதி முப்பத்தைந்து ஆண்டுக்கு.
கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்று
படகு வாங்கிவிட்டார் என்று கேள்வி.

கீழே யாரோ திட்டும் சத்தம்.
டமாட்டி ரெவெட்டியும் அவர் தங்கை மகளும்
வற்றிய குட்டையில் முழங்கால் சேற்றில் நின்று
விலாங்குகளைப் பிடித்து
குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
தொடைப் பருமனில் ஒன்று.
"எனக்கு மூத்தவள் இவள்," என்றார்.
கடலுக்கு இரண்டு மைல்.
நடுவில் ஒரே ஒரு ஆழக்கயம்தான் மிச்சம்.

"யார் மேல் கேஸ்?" என்று கேட்டார்.
"யார் மேலும் இல்லை."
"எல்லாரும் ஒழுங்கா?"
"ஒழுங்கு."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
அப்புறம் தொட்டியின் மறுபக்கக் கைப்பிடியை
என் பக்கம் திருப்பினார்.

உயிருள்ள விலாங்கை இடம் மாற்றவும்
அனுமதி வேண்டும். அது வேறு அலுவலகம்.
"வாங்கியிருக்கிறீர்களா?"
கேட்டிருக்க வேண்டும்.
கனமாக இருந்தது, மூச்சு வாங்கியது,
கேட்கவில்லை.
நான்கு நடை நடந்தோம்.
அந்த வாரம் முழுக்க நான் பார்த்ததில்
விதி மீறல் அது ஒன்றுதான்,
அதில் பாதி என்னுடையது.

வெள்ளிக்கிழமை
முப்பத்தொரு படிவமும் ஸ்கேனருக்குப் போயின.
முப்பதை விழுங்கியது.
ஒன்றில் மட்டும், "முழு இணக்கம்" என்ற கட்டத்தின் மேல்
விலாங்கின் கொழகொழப்பு காய்ந்து ஒட்டியிருக்க
திரும்பத் திரும்பத் துப்பியது.
தாளைத் துடைக்கச் சொன்னாள் பக்கத்து மேசை லோர்னா.
துடைக்கிறேன் என்றேன்.