ஒன்றேகால் கிலோ

உருளையின் எடை ஐம்பத்தெட்டு கிலோ.
உள்ளே இருக்கும் ஹீலியம்
ஒன்றேகால் கிலோ.
மீதியெல்லாம் அதைப் பிடித்து வைக்கும் இரும்பு.
பதினொரு வருடமாக
மட்சுயாமா முழுக்க நான் ஏற்றி இறக்குவது
பெரும்பாலும் இரும்பைத்தான்.

மூன்றாம் மாடி, பிளாஸ்மா ஆய்வறை.
கையெழுத்துக்காக நின்றேன்.
குவாபரா நிமிரவேயில்லை.
அவர் முன்னால், கண்ணாடிக் குழாயின் நுனியில்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுடர்,
ஊசி நீளம், உஸ்ஸென்று.

"விரலை வையுங்கள்."
வாயு கொண்டுவருகிறவனை
நெருப்பைத் தொடச் சொல்கிறார்.
வைத்தேன்.
சுடவில்லை.
யாரோ உதட்டைக் குவித்து ஊதியது போல.
அவ்வளவுதான்.

"மின்னல்தான். சூடு மட்டும் இல்லை."

எங்கள் பக்கம் இடி இடித்தால்
தலையில் விழாதிருக்க
குவாபரா, குவாபரா என்று முணுமுணுப்போம்.
அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு
மின்னலை மேய்க்கிறீர்களே என்றேன்.
பள்ளியிலிருந்தே கேட்கிறேன் என்றார்,
சிரிக்காமல்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிதோறும் உயிரணுக்கள், மேலே ஒரு துளி நீர்,
நீரில் அவற்றுக்குள் போகவேண்டிய மரபணு.
சுடர் ஒவ்வொன்றின் மேலும்
இமைக்கும் நேரம் நின்று நகர்கிறது.

"சுவரை உடைத்தா அனுப்புகிறீர்கள்?"

"உடைத்தால் செத்துவிடும்.
இது ஒரு சின்ன அதட்டல்.
திடுக்கிட்டு அதுவே வாய் திறந்து
விழுங்கிக்கொள்ளும்.
என்றுதான் நினைக்கிறோம்."

அந்த 'நினைக்கிறோம்' எனக்குப் பிடித்திருந்தது.

நேற்றைய தட்டை நுண்ணோக்கியில் காட்டினார்.
பச்சையாய் ஒளிர்பவை வாங்கிக்கொண்டவை.
நான் பச்சையை எண்ண ஆரம்பித்தேன்.
அவர் இன்னொரு துளியில் சாயம் விட்டு
நீலத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"செத்தவை. சாயத்தைத் தடுக்கத் தெரியாதவை.
திறக்க எல்லாவற்றாலும் முடியும்.
திரும்ப மூடிக்கொண்டால்தான் உயிர்."

நோட்டில் எழுதினார்: நானூறில் பதினாறு.
பச்சைக்கு முன்னால் எப்போதும் இதைத்தான் எழுதுவாராம்.

காலி உருளையின் வால்வை இறுக்கினேன்.
இரண்டு முறை. பழக்கம்.
அடுத்த மாதம் விலை ஏறுகிறது என்று
சொல்லிவிட்டு வரத்தான் அனுப்பியிருந்தார்கள்.
சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

டிராம் கடக்கட்டுமென்று நின்ற சிக்னலில்
விரலை முகர்ந்து பார்த்தேன்.
மாடிக்குப் போகுமுன் வண்டியில் உரித்துத் தின்ற
ஆரஞ்சு.
சுடர் வந்து தொட்டபோது
தோலில் ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.
என்றுதான் நினைக்கிறேன்.