ரகசியக் கேள்வி

சஸ்காட்செவனில் மார்ச் மாதம்
பனிக்கும் சேற்றுக்கும் இடையே
தீர்ப்பு வராத வரப்புத் தகராறு.
இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்து
நெஸ்டர் மாமாவின் சாப்பாட்டு மேசையில்
மடிக்கணினியைத் திறக்கிறேன்.

குத்தகைப் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.
கடவுச்சொல் பரஸ்கா அத்தைக்குத்தான் தெரியும்.
அத்தை போன நவம்பரில்
அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரை கேட்கிறது:
உங்கள் முதல் செல்லப் பிராணியின் பெயர் என்ன?
நல்ல காதை என் பக்கம் திருப்புகிறார் மாமா.
இன்னும் உரக்கப் படிக்கிறேன்.
"செல்லமா?" என்கிறார்.
"இங்கே இருந்ததெல்லாம் வேலை பார்த்த பிராணிகள்."

சரி, ஸிர்கோ. நாய்.
தவறு.
க்ராசுலா. காலை வீசி உதைத்தாலும்
குறையாமல் கறந்த பசு.
தவறு.
மூன்றாவதாக ஒரு குதிரை.
அதன் பெயரைச் சொல்லுமுன்
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.
அதுவும் தவறு.
கணக்கு பூட்டிக்கொண்டது.

வங்கியைக் கூப்பிட்டேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு
நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள்.
சும்மா இருப்பானேன் என்று
நகவெட்டியை எடுத்தேன்.
இடது கையில் ஐந்து. வலது கையில் மூன்று.
மற்ற இரண்டை எழுபத்து நான்கில்
தானியம் ஏற்றும் திருகுக் குழாய் தின்றது.
சீக்கிரம் முடிந்துவிடுகிற கை.

பன்னிரண்டு வயதில் இவருடைய லாரியை
கோதுமையோடு பள்ளத்தில் இறக்கினேன்.
இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை.
மூன்றாம் நாள் காலை
என் தட்டுக்குப் பக்கத்தில் சாவி இருந்தது.
போன இலையுதிர் காலத்தில்
அதே பள்ளத்தில் அவர் இறக்கினார்.
நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.
பிடுங்கியதோடு விட்டேனா,
ஒரு மணி நேரம் பேசவும் செய்தேன்.
அது இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது,
நகவெட்டிக்கு அடியில்.

கடைசியில் ஒரு பெண் குரல்.
பிறந்த தேதி, முகவரி, அத்தையின் இறப்புச் சான்றிதழ் எண்.
புதிய கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றது குரல்.
பட்டியலில் எல்லாம் சினிமா, தேனிலவு, பள்ளிக்கூட நண்பன்.
ஒன்பதாவதாக: நீங்கள் செய்த முதல் வேலை?
"இது தெரியும்" என்றார் மாமா. "கல் பொறுக்கினது."

உறைபனி வருஷத்துக்கு ஒரு முறை
மண்ணுக்குள்ளிருந்து கல்லைப் பிரசவிக்கும்.
ஏர் இறங்குமுன் பொறுக்கியாக வேண்டும்.
பொறுக்கிய வயலில்
அடுத்த வருஷமும் அதே அளவு கல் இருக்கும்.
வேலி ஓரத்தில் அந்தக் குவியல்
இப்போது வீட்டைவிட உயரம்.

'கல்' என்று தட்டினேன்.
சிவப்பில் வந்தது:
விடை மிகவும் சிறியது.

உரக்கப் படித்துக் காட்டினேன்.
நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக
மாமா சிரித்தார், பல்செட் இல்லாமல்.
"சிறியதா? ஆறு வயதில் குனிந்தவன்
எண்பத்தொன்றில் நிமிர்ந்தேன்.
அவளை ஒரு ஏப்ரலுக்கு வரச் சொல்."

பிறகு யோசித்து,
கல்லோடு இன்னொரு சொல்லையும் சேர்க்கச் சொன்னார்.
அந்தக் குதிரையின் பெயர் இல்லை. அத்தையின் பெயரும் இல்லை.
தட்டினேன். பச்சை விளக்கு.
குத்தகைப் பணம் வந்திருந்தது.

என்ன சொல் என்று கேட்காதீர்கள்.
ரகசிய விடை அது.