புதன், சனி

"தானா நின்னு தானா எழுந்துக்குதுங்க" என்றாள்
ரேணுகாதேவி போனில்,
வலிப்பு வந்த ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

மாரண்டஅள்ளி சாலையில்
தக்காளி வண்டிகளின் பின்னால் புழுதி தின்றபடி
மூன்று முறை போனேன்.
மூன்று முறையும் கம்ப்யூட்டர்
மாமியார் வந்திருக்கும் வீடுபோல
ஒழுங்காக இருந்தது.

முதல் முறை ராமைக் கழற்றி
பென்சில் ரப்பரால் தேய்த்து
பொன்பற்கள் தெரியப் பொருத்தினேன்.
அடுத்த முறை விசிறிக்குள்
ராகி மாவும் ஒரு பல்லி முட்டையும்.
ஊதினேன். தும்மினேன்.
மூன்றாம் முறை
பவர் சப்ளையையே மாற்றினேன்.
ஆயிரத்து நூறு.

பழைய பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறாள்.
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
அந்தப் பெட்டி அவளுக்கு
நூற்று முப்பத்தெட்டுப் பக்கம்.

சனிக்கிழமை மறுபடி போன்.
"இப்பத்தான் நின்னுது. பதினோரு பக்கம் போச்சு."
சேவ் பண்ணலையா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை.
எழவு வீட்டில் என்ன வியாதி என்று
விசாரிப்பதுபோல் அது.

எப்போதெல்லாம் நிற்கிறது என்று
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியிருந்தாள்.
புதன் 6.50
சனி 7.05
புதன் 6.40
சனி 6.55, அடியில் இரண்டு கோடு.

கோளாறு கிழமை பார்க்காது.
கிழமை பார்ப்பது ஆட்கள்.

அடுத்த புதன், விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்
மீட்டரின் கம்பிகளை பிளக்கில் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.
228. 226. ஒரு டீ. 227.
6.43க்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
கல்லோடு கல் உரசும் சத்தம்.
டியூப்லைட் துடித்தது.
161.
திரை கறுத்து,
பிறகு எதுவும் நடக்காததுபோல் எழுந்து நின்றது.

"அது என்ன சத்தம்?"
"கிரைண்டர்" என்றார் அவள் கணவர் தீர்த்தகிரி.
யாருடையது என்று சொல்லவில்லை.

ஒரே வீடாக இருந்ததை
நடுவில் செங்கல் வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.
கிணற்று முறை, மாமரம், சொசைட்டிக் கடன்
எல்லாம் பாகமாகிவிட்டது.
மீட்டர்கூட இரண்டு.
நியூட்ரல் மட்டும் ஒன்று:
ஓட்டுக்கடியில், டேப் உருகிக் கருகிய ஒரு முறுக்கு.
அது தளர்ந்ததில்
அங்கே மாவு அரைந்தால்
இங்கே பத்திரம் அழிகிறது.

"ரெண்டு வீட்டு மெயினையும் அணைக்கணும்."
யாரும் எழவில்லை.
ரேணுகாதேவி சத்தமில்லாமல்
நாலு விரல் காட்டினாள். வருஷம்.

நான்தான் போனேன்.
சென்றாயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
களி உருண்டையில் குழி பறித்த விரல் அப்படியே நின்றது.
"கிரைண்டர நிறுத்தச் சொன்னாங்களா?"
"இல்லீங்க. மெயின."
"அவன் சொன்னானா?"
"கம்பி சொல்லுதுங்க."

கை கழுவிவிட்டு அணைத்தார்.

சுவர் ஓடுவரை எட்டவில்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
பரணிலிருந்து பார்த்தால்
இரண்டு அடுப்பங்கரையும் ஒரே இருட்டு.
கருகியதை வெட்டி, செம்பு மினுங்கச் சுரண்டி,
கனெக்டரில் திருகும்போது
வலப்பக்கம் ஒரு குரல்:
"போடட்டுமா?"

என் வாயில் செல்போன்.
இடப்பக்கம் சொன்னது:
"இருங்க, அந்தக்கா கை இன்னும் உள்ள இருக்கு."

இருந்தார்கள்.

228. கிரைண்டர் ஓடும்போது 225.
பழைய பவர் சப்ளையை மறுபடி மாட்டிவிட்டு
ஆயிரத்து நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
குறை சொல்ல முடியாத ஒரு பெட்டியை
மூன்று முறை அறுத்துப் பார்த்தவள் நான்.

பில்: கனெக்டர் ஒன்று, முப்பத்தைந்து ரூபாய்.
அதையும் பாகம் பிரித்தார்கள்.
தீர்த்தகிரி பதினேழு.
சென்றாயன் பதினெட்டு,
மூத்தவர் என்பதால்.