இருபத்து மூன்று கிலோ

செவ்வாய் இரவு ஒன்று இருபதுக்கு விமானம்.
சனிக்கிழமையே வந்துவிட்டது பெட்டி,
மண்ணடியிலிருந்து, ஒரு பையனின் பைக்கில்.
சாவி தனியாக, பழைய மாத்திரை உறையில்.

குருவி என்பார்கள் எங்களை.
பதினோரு வருடமாகப் பறக்கிறேன்.
போகையில் நைட்டி, கைலி.
வருகையில் சென்ட், சாக்லேட், செல்போன் உறை,
சில தடவை என்னவென்றே தெரியாத அட்டைப்பெட்டி.
கேட்காததுதான் தொழில் சுத்தம்.
சுங்கத்தில் கேட்டால், "சொந்தக்காரங்களுக்கு சார்."
அந்தச் சொந்தக்காரர்களை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை அந்த ஊரில் காய்ச்சல்.
பெயருக்குப் பின்னால் எண் போட்ட காய்ச்சல்.
டிவியில் ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார்கள்.
என் கண் ஸ்ட்ரெச்சரைப் பார்க்கவில்லை,
அதற்குப் பின்னால் ஷட்டர் இறங்கிக் கிடந்த
தோசைக்கடையைப் பார்த்தது.
தீபாவளிக்குக்கூட மூடாத கடை அது.

ஹனீபா அண்ணன் போனில் சொன்னார்:
"டிக்கெட் பாதி விலைக்கு இறங்கியிருக்கு பிளாரன்ஸ்.
உனக்கு ரெண்டு மடங்கு.
மாஸ்க் என் செலவு."

கல்மண்டபம் மார்க்கெட்டில் சங்கரா வாங்கும்போது
விஷயத்தைச் சொன்னேன்.
செதில் சீவிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:
"மணலிக் காத்தக் குடிச்சி
கொடுங்கையூர்ப் பொகையத் தின்னு வளந்த ஒடம்பு.
நம்மளப் பாத்தா
அந்தக் காய்ச்சலு தாண்டா மாஸ்க் போடணும்."
சிரித்தேன். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.
படியேறும்போது
மேலே அல்போன்ஸ் இருமினார்.

கப்பலின் அடிவயிற்றில் அவர் சுரண்டிய துரு
இப்போது அவர் நெஞ்சில் இருக்கிறது.
அவர் இருமல்கள் எனக்கு அத்துபடி:
காப்பி இருமல், கோப இருமல்,
விடியற்காலை மூன்று மணி இருமல்.
புதிதாக ஒன்று வந்தால்
வைக்க அங்கே இடமில்லை.

"போயிட்டு வா" என்றார்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
ரோஷனின் பாலிடெக்னிக் ரசீதைப் பார்த்தார்.

எனக்கு வந்துவிடுமோ என்று பயமில்லை.
இல்லை, கொஞ்சம் இருந்தது.
அதைவிடப் பெரியது
ஞாயிறு ராத்திரி தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
நிற்கும்போது வந்தது.

பெட்டியைத் துளைத்துப் பார்க்கும் மெஷின்,
கால் மோந்து பார்க்கும் நாய்,
கண்ணையே பார்க்கும் அதிகாரி,
எல்லாவற்றையும் தாண்டி வந்தவள் நான்.
நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுவார்கள்.
பச்சை எரியும்.
இதையும் தாண்டிவிடுவேன்.
தாண்டி நேரே வீட்டுக்கு வருவேன்.

என்ன கொண்டு வருகிறேன் என்று
முதல்முறையாகக் கேட்டுக்கொண்டது
அந்த வரிசையில்தான்.
யாரோ என் குடத்தைக் காலால் முன்னே தள்ளினார்கள்.

திங்கள் காலை முடியாது என்று சொல்லிவிட்டேன்.
ஹனீபா அண்ணன் காரணம் கேட்கவில்லை.
"சரிம்மா. பெட்டிய எடுத்துக்க ஆள் வரும்."

வந்த ஆள் வனரோஜா.
எதிர் போர்ஷன்.
ஒரே பம்பு, ஒரே படிக்கட்டு, ஒரே துணிக்கொடி.
அவள் சின்னவன் எங்கள் வீட்டில்தான் டிவி பார்ப்பான்,
அல்போன்ஸின் மடிமேல் கால் போட்டுக்கொண்டு.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"ரெண்டு மடங்குன்னாரு, அக்கா"
முந்திக்கொண்டாள்,
என்னிடமிருந்து எதையோ திருடியதுபோல.
பிறகு, எடை பார்க்கிற கொக்கி இருக்குமா என்றாள்.

எடுத்து வந்தேன்.
படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியை மாட்டி
பிடியை ஆளுக்கொரு கையால் தூக்கினோம்.
உள்ளே இருமல் கேட்டது,
மூன்று மணி இருமல், பட்டப்பகலில்.
எண் ஆடி ஆடி
இருபத்திரண்டு புள்ளி எட்டில் நின்றது.

"இன்னும் இருநூறு கிராம் வைக்கலாம்" என்றேன்.