பதினொரு டிகிரி

சுங்கை தெங்காவில் எங்கள் மீன் பண்ணையின்
ஏழாம் அறையில் மட்டும்
பனிக்காலம்.

வெளியே முப்பத்து மூன்று.
தகரக் கூரையில் மைனாகூடக் கால் வைப்பதில்லை.
கதவோரத்து ஆணியில் தொங்குகிறது
எல்லோருக்கும் பொதுவான ஒரே ஜாக்கெட்.
ஷோஹெலுக்கு மணிக்கட்டு தெரியும்,
எனக்கு அது போர்வை.

குளிர்நாட்டுக்குப் போகிற கோய் மீன்களுக்குக்
குளிரைப் பழக்குவது என் வேலை.
ஒரு நாளைக்கு ஒரு டிகிரி,
அதற்கு மேல் அவசரப்பட்டால் செத்துவிடும்.
இருபத்தெட்டில் துள்ளும்.
இருபதில் யோசிக்கும்.
பதினைந்தில் தீனியைக் குறைப்பேன்,
பத்து நெருங்கும்போது நிறுத்திவிடுவேன்.
செரிக்காது, வயிற்றிலேயே அழுகும்.
பசிக்காதா அக்கா என்றான் ஷோஹெல்,
வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.
பசியும் சேர்ந்து தூங்கிவிடும் என்றேன்.
படித்ததைத்தான் சொன்னேன்.
நான் கண்ட பனியெல்லாம்
தே ஓ பெங் கோப்பையில் கலகலப்பது.

போன வருடம் மீன் வாங்கிய மாரிகா
தாலினிலிருந்து படம் அனுப்பினாள்,
இங்கே இரவு இரண்டு மணி.
தோட்டத்துக் குளம், மேலே வெள்ளை மூடி.
அடியில் அசையாமல் கிடக்கின்றன,
சுத்தியலால் உடைக்கட்டுமா?

சுவா சூ காங்கில், ஒன்பதாம் மாடியில்,
மின்விசிறிக்கு அடியில் வியர்த்தபடி தட்டினேன்:
உடைக்காதே.
ஒவ்வோர் அடியும் தண்ணீருக்குள் இடியாக இறங்கும்.
கொதிநீர்ப் பானையைப் பனிமேல் வை,
தானே ஒரு வட்டம் இளகும்,
கெட்ட காற்று அந்த வழியே போகட்டும்.
அடித் தண்ணீர் நாலு டிகிரி இருக்கும்.
அதைக் கலக்காதே.
அதுதான் அவற்றின் படுக்கை.

'நீ பெரிய குளிரெல்லாம் பார்த்தவள் போல!'
நான் பதில் போடவில்லை.

அடுத்த வியாழன் மதியம்
கம்ப்ரஸர் இருமியது, நின்றது.
பதினொன்றாக இருந்த தண்ணீர்
பதினொன்றரை.
மிஸ்டர் டெங் மெக்கானிக்கைப் போனில் பிடித்து
ஹொக்கியனில் திட்டிக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு நாட்களாக இறக்கியதை
ஒரே மதியம் திருப்பி ஏற்றப் பார்க்கிறது
இந்த ஊர் வெயில்.

ஜூரோங் துறைமுகத்துக்கு லாரியை விரட்டினோம்.
நாற்பது மூட்டை ஐஸ்.
செத்த மீனுக்குத்தானே என்றார் கடைக்காரர்.
சாகாத மீனுக்கு என்றான் ஷோஹெல்.

மூட்டையைப் பிரிக்காதே, அப்படியே மிதக்கவிடு,
குழாய்த் தண்ணீர் ஐஸ், குளோரின் செவுளைச் சுட்டுவிடும்.
உருகியதை எடு, உறைந்ததை வை.
எடு, வை.
நள்ளிரவில் ஜாக்கெட்டை அவனிடம் கொடுத்தேன்,
ஒரு மணி நேரம் கழித்து அவன் எனக்கு.
மூன்று மணிக்கு ஒரு பெரிய வெள்ளை மீன்
என் விரல்களை உரசிக்கொண்டு போனது.
பார்த்ததால் தெரிந்தது.
விரல்களுக்குத் தெரியவில்லை.

விடிந்தபோது பதினொன்று.
ஒன்றே ஒன்று மிதந்தது, சிறியது,
அதை ஷோஹெல் எனக்குக் காட்டாமல் எடுத்துப் போனான்,
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.
காப்பிக்கடையில் கோப்பையைப் பிடிக்க வரவில்லை,
இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கினேன்.

போனில் மாரிகா.
பனியில் ஒரு கறுப்பு வட்டம்,
பானையின் அளவுக்கு.
கீழே மங்கலாக ஒரு சிவப்பு.
வால் அசைந்தது, சத்தியமாக, என்று எழுதியிருந்தாள்.

மரத்த கட்டைவிரலால்
போன வாரத்துக் கேள்விக்குப் பதில் போட்டேன்:
பெரிய குளிரெல்லாம் இல்லை.
பதினொன்று வரை பார்த்திருக்கிறேன்.